வயல் வாடிப் படங்குக்கு ஏற்ற மேல்மூடி: குறைந்த செலவில் தெரிவுசெய்யும் முறை

பெரும்போக நெல் முற்றும் தை, மாசி மாதங்களில் வயலிற் காவல் இருப்பது எமது கமக்காரருக்குப் புதியதன்று. படுவான்கரையிலும், இரணைமடுக் குளத்தின் கீழும், கட்டுக்கரைக்குளத்து வயல்களிலும் காட்டுப்பன்றியும் யானையும் வந்து போகும் காலம் இதுவே. வெட்டிய நெல்லை மூட்டையாக்கி லொறி வரும்வரை வைத்திருப்பதற்கும், இரவிற் காவலிருப்போர் தலைசாய்ப்பதற்கும் வயலருகேயுள்ள மேட்டு நிலத்திற் படங்கினால் ஒரு வாடி அமைத்துக்கொள்வர். மரக்கறித் தோட்டம் செய்வோரும் பூசணி, கச்சான், வெங்காயம் ஆகியவற்றுக்குக் காவலாக இத்தகைய வாடிகளை அமைப்பதுண்டு.

இவ்வாடியின் உயிர்நாடி படங்கு. தடித்த பருத்தி நூலினால் நெய்த நல்ல படங்கு இன்று மலிவான பொருளன்று. பல கமக்காரரிடம் உள்ளது தந்தையார் காலத்துப் படங்கே. களத்தில் விரிப்பதும் அதுவே, சூட்டை மூடுவதும் அதுவே, வாடி அமைப்பதும் அதுவே. அதனை மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பதற்கு மேலே வேறொரு மூடி வேண்டும் என்பதைப் பலரும் உணர்ந்துள்ளனர். ஆயினும் எத்தகைய மூடி, எவ்வளவு பெரிது, எவ்வாறு கட்டுவது என்பவற்றில் நேரும் தவறுகளினால், காக்க வந்த மூடியே படங்கைக் கெடுத்துவிடுகின்றது. ஆகவே இத்துண்டுப்பிரசுரத்தில் அவ்விடயத்தைச் சற்று விரிவாக எடுத்துரைப்போம்.

படங்கின் இயல்பு

மேல்மூடியைத் தெரிவதற்கு முன்னர் படங்கின் இயல்பை அறிதல் வேண்டும். பருத்திப் படங்கிற் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உண்டு. உலர்ந்திருக்கும்போது அவற்றினூடாகக் காற்றும் நீராவியும் வெளியேறும். மழை பட்டவுடன் பருத்தி நூல் நீரை உறிஞ்சிப் பருக்கும். அதனால் துளைகள் அடைபட்டு, நீர் உட்புகாது மேற்பரப்பில் வழிந்தோடும். புதிய படங்கு முதலாவது மழையில் ஒழுகுவதும், ஒருமுறை நன்றாக நனைந்து உலர்ந்தபின் ஒழுகாதிருப்பதும் இக்காரணத்தினாலேயே. புதுப் படங்கை வாங்கியவர் அதனை ஒருமுறை நீர் தெளித்து நனைத்து, வெயிலில் இழுத்துக் கட்டி உலர்த்திய பின்னரே வயலுக்குக் கொண்டுசெல்வது நன்று.

மழை பெய்யும்போது படங்கின் உட்பக்கத்தைக் கையாலோ, மூட்டையாலோ, படுக்கைக் கம்பாலோ தொட்டால் அவ்விடத்தில் நீர் சொட்டத் தொடங்கும். துணியில் தேங்கி நிற்கும் நீருக்குத் தொட்ட பொருள் வழிகாட்டிவிடுகின்றது. எனவே நெல்மூட்டைகளைப் படங்கிற் சாய்த்து அடுக்குதல் கூடாது.

படங்கின் பகைவர் இருவர். ஒருவர் வெயில். நாள்தோறும் பட்ட வெயிலினால் நூல் வலிமை குன்றி, சில ஆண்டுகளில் விரலாற் கிழிக்கத்தக்கதாகும். மற்றவர் பூஞ்சணம். பருத்தி தாவரப் பொருளாகையால் பங்கசுகள் அதனை உணவாகக் கொள்ளும். ஈரமும் வெம்மையும் காற்றோட்டமின்மையும் ஒருங்கே கூடினால் இரண்டு மூன்று நாட்களிற் கரும்புள்ளிகள் தோன்றும். புள்ளி தோன்றிய இடத்திற் பின்னர் ஓட்டை விழுவது உறுதி. வெயிலின் கேடு மெல்ல வருவது. பூஞ்சணத்தின் கேடு ஒரு மழை வாரத்தில் வந்துவிடும். மேல்மூடி இவ்விருவரையும் தடுப்பதாயின் பயனுண்டு. வெயிலைத் தடுத்துப் பூஞ்சணத்தை வளர்ப்பதாயின் அதனை வாங்காதிருப்பதே மேல்.

படங்கோடு ஒட்டக் கட்டிய பொலித்தீன்

நாம் வயற்பகுதிகளில் அதிகமாகக் காணும் பிழை இதுவே. ஒழுகும் படங்கின்மேற் பொலித்தீனை நேரே விரித்து, நான்கு புறமும் இறுகக் கட்டிவிடுவர். முதல் நாள் ஒழுக்கு நிற்கும். கமக்காரர் மகிழ்வர். நடப்பதோ வேறு.

உறங்கும் மனிதர் ஒவ்வொருவரும் ஓர் இரவில் ஏறத்தாழ ஒரு தேநீர்க் குவளை அளவு நீரை மூச்சாகவும் வியர்வையாகவும் வெளிவிடுவர். இயந்திரத்தால் வெட்டி உடனே மூட்டை கட்டிய நெல்லில் 20 சதவீதம் வரை ஈரம் இருக்கக்கூடும். களஞ்சியத்தில் வைப்பதற்கு உரிய ஈரம் 13 முதல் 14 சதவீதமே. எஞ்சிய ஈரமும் ஆவியாகி எழும். இவ்வாவி படங்கின் துளைகளினூடே மேலே சென்று, இரவிற் குளிர்ந்த பொலித்தீனில் முட்டி, நீர்த்துளிகளாகிப் படங்கின்மேலேயே மீண்டும் விழும். பகலில் வெயில் எறிக்கும்போது பொலித்தீனுக்கும் படங்குக்கும் இடையே வெந்நீர் ஆவி நிற்கும். பங்கசுக்கு இதனிலும் நல்ல விளைநிலம் கிடையாது.

சில ஆண்டுகளின் முன் பெரும்போக இறுதியில், காவலும் கவனமும் குறையாத ஒரு கமக்காரரின் வாடியைப் பார்வையிட நேர்ந்தது. விதைக்கென ஒதுக்கிய நெல் பதினெட்டு மூட்டைகள் உள்ளே இருந்தன. வெளியே ஒரு துளி ஒழுக்கில்லை. ஆயினும் மேல் வரிசை மூட்டைகளைத் தொட்டபோது சூடாயிருந்தன. கையை உள்ளே விட்டுப் பார்த்தபோது நெல் முளை காட்டியிருந்தது. மழை அந்நெல்லைக் கெடுக்கவில்லை. ஒன்பது நாட்கள் படங்கோடு ஒட்டிக் கிடந்த பொலித்தீனே கெடுத்தது. அவ்வாண்டின் சிறுபோகத்துக்கு அவர் விதைநெல்லைக் கடனாகப் பெறவேண்டியதாயிற்று. படங்கும் முதுகு நெடுகக் கறுத்துப் போயிருந்தது.

ஆகவே முதலாவது விதி: மேல்மூடி படங்கைத் தொடுதல் கூடாது. இரண்டுக்கும் இடையில் ஒரு சாண், அதாவது ஒன்பது அங்குல இடைவெளி இருத்தல் வேண்டும். அவ்விடைவெளியினூடாக முன்னிருந்து பின்னாகக் காற்று ஓடுதல் வேண்டும். இவ்விதியைக் கடைப்பிடிப்பவர்க்கு மிக மலிவான மூடியும் ஓரளவு உதவும். கடைப்பிடியாதவர்க்கு விலையுயர்ந்த மூடியும் உதவாது.

சந்தையிற் கிடைக்கும் மூடிகள்

கடைகளில் அதிகமாகத் தொங்குவது நீல நிறமுள்ள மெல்லிய தறப்பாள். நாடா போன்ற பிளாஸ்ரிக் இழைகளை நெய்து, இருபுறமும் மெல்லிய பூச்சுப் பூசி இதனைச் செய்கின்றனர். சதுர மீற்றருக்கு 70 முதல் 100 கிராம் நிறையே இருக்கும். வெயிலைத் தாங்குவதற்குரிய மருந்து இதிற் போதியளவு சேர்க்கப்படுவதில்லை. எமது வெயிலில் ஒரு போகம் நிற்பதே அரிது. பூச்சு உதிர்ந்து இழை நாராகக் கிளம்பும். அவ்விழைத் துணுக்குகள் வயலிலும் வாய்க்காலிலும் கிடந்து மாடுகளின் வயிற்றுக்குள் போவதையும் கவனிக்க.

அடுத்தது சற்றுத் தடித்த நெய்த தறப்பாள். சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிராம் வரை நிறையுடையது. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2009 ஆம் ஆண்டு போர் முடிந்த காலத்திலும் இடம்பெயர்ந்த மக்களுக்கு வழங்கப்பட்ட வெள்ளைத் தறப்பாள்களை எமது மக்கள் நன்கறிவர். அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் நியமத்தின்படி அமைந்த அத்தறப்பாள் 4 மீற்றர் அகலமும் 5 மீற்றர் நீளமும் உள்ளது. சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 200 கிராம் நிறையுடையது. நடுவில் கறுப்பிழை நெசவும் இருபுறமும் வெள்ளைப் பூச்சும் கொண்டது. கறுப்பிழை ஒளியைத் தடுக்கும்; வெள்ளை வெப்பத்தைத் திருப்பும். வாங்கும்போது அதனை ஒத்த அமைப்பையும் நிறையையும் தேடுதல் தகும். ஒரு புறம் வெள்ளி நிறமும் மறுபுறம் வேறு நிறமும் உள்ள தறப்பாளாயின் வெள்ளி நிறம் வானத்தைப் பார்க்க விரித்தல் வேண்டும்.

மூன்றாவது, லொறிகளுக்குப் போடும் தடித்த பீ.வீ.சீ. விரிப்பு. சதுர மீற்றருக்கு 500 கிராமுக்கு மேலும் இருக்கும். நீண்டகாலம் உழைக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு வாடிக்கு வேண்டிய அளவு 15 கிலோகிராம் வரை நிறுக்கும். வரம்பிற் சுமந்து செல்வோருக்கும், வயற்கம்புகளுக்கும் அது பாரமே. லொறி வைத்திருப்பவர் வாங்கட்டும். காவல் வாடிக்கு மட்டும் அதனை வாங்குவதை நாம் ஆதரிப்பதில்லை.

நெய்யாத பொலித்தீன் சுருளை வெட்டி விற்பதும் உண்டு. இதன் தடிப்பைக் கேஜ் என்னும் அளவாற் கூறுவர். 1000 கேஜ் என்பது ஏறத்தாழ 250 மைக்குரோன். 500 கேஜ் அதிற் பாதி. நெசவில்லாமையால் ஒரு முள் குத்தினால் அவ்விடத்திலிருந்து நெடுகக் கிழியும். தனியே கூரையாக விரிப்பதற்கு இது தகாது. ஓலையோடு சேர்த்தால் நற்பயன் தரும். அதனைக் கீழே கூறுவோம்.

பசளைப் பைகளைப் பிரித்துத் தைத்து மூடியாக்குவோரும் உளர். செலவில்லை என்பது மெய்யே. ஆயினும் யூரியாப் பைகளில் எஞ்சிய பசளை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு மூன்று முறை நன்கு அலம்பியே பயன்படுத்தல் வேண்டும். தையல் துளைகளில் நீர் புகும். வெயிலில் விரைவில் உக்கும். வாடியின் பக்கச் சுவருக்கு இவை போதும், கூரைக்கு வேண்டாம். பூச்சிநாசினி, களைநாசினி வந்த உறைகளை எவ்விதத்திலும் நெல்லருகே கொண்டுவருதல் கூடாது.

விலையைப் போகத்தாற் பிரித்துப் பார்த்தல்

கையிற் காசு குறைவாயிருக்கும்போது விலை குறைந்ததை எடுப்பது இயல்பு. ஆயினும் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தல் வேண்டும். உதாரணத்துக்கு, மெல்லிய நீலத் தறப்பாளின் விலையை ஒரு பங்கு என்போம். அது ஒரு போகம் உழைத்தால் போகத்துக்கு ஒரு பங்கு செலவு. நடுத்தரத் தறப்பாள் இரண்டரைப் பங்கு விலையாகி, ஒவ்வோர் அறுவடையின் பின்னும் கழற்றி வைப்பதால் ஐந்து போகம் உழைத்தால் போகத்துக்கு அரைப் பங்கே செலவு. லொறி விரிப்பு எட்டுப் பங்கு விலையாகிப் பன்னிரண்டு போகம் உழைத்தாலும் போகத்துக்கு முக்காற் பங்குக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும். அதற்கான முழுப் பணத்தையும் முதலாம் நாளே கொடுத்தாக வேண்டும். தத்தம் ஊர்க் கடை விலையை இட்டு இக்கணக்கைச் செய்து பார்க்க. நடுத்தரத் தறப்பாளே பெரும்பாலும் வெல்லும் என்பது எமது கணிப்பு. தனியே வாங்க இயலாதவர் அயல் வயற்காரரோடு கூடி ஒரு பெரிய விரிப்பாக வாங்கி, இரு வாடிகளையும் ஒன்றாக்கிக் காவல் இருப்பது செலவுக்கும் நல்லது, இரவுத் துணைக்கும் நல்லது.

கடையிற் சோதித்தல்

உறையில் அச்சிட்ட எழுத்தை நம்பி வாங்குதல் கூடாது. பல கடைகளில் தராசு உண்டு. அதிலேயே உண்மை வெளிப்படும். 12 அடி அகலமும் 18 அடி நீளமும் உள்ள விரிப்பு ஏறத்தாழ 20 சதுர மீற்றர் பரப்புடையது. அது 4 கிலோகிராம் நிறுத்தால் சதுர மீற்றருக்கு 200 கிராம். 3 கிலோகிராம் நிறுத்தால் 150 கிராம். 2 கிலோகிராமே நிறுத்தால் 100 கிராம் தான். விற்பவர் என்ன சொன்னாலும் அது மெல்லிய வகையே. நிறுக்குமுன் நீள அகலத்தையும் அளந்து பார்க்க. ஓரம் மடித்துத் தைத்தபின் சொன்ன அளவில் அரையடி குறைந்திருப்பது வழக்கம்.

பின்னர் ஒரு பாகத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்க்க. ஊசிமுனைத் துளைகள் விண்மீன்போல் தெரிந்தால் விட்டுவிடுக. ஒரு மூலையை மடித்து இரு கைகளுக்கிடையே சிறிது நேரம் கசக்குக. பூச்சுத் தோல் உரிந்தால் அது ஒரு மாதத்துக்கும் நில்லாது. கயிறு கோக்கும் உலோகக் கண்களை விரலால் இழுத்துப் பார்க்க. ஓரத்தினுள்ளே கயிறு வைத்து மடித்திருத்தல் வேண்டும். மூலைகளில் தனித் துண்டு வைத்துத் தடிப்பித்திருந்தால் மேலும் நன்று. இரும்புக் கண்கள் துருவேறித் துணியையும் அரிக்கும். பித்தளை அல்லது அலுமினியம் விரும்பத்தக்கது. கடைக்காரர் இசைந்தால் ஒரு பகுதியைப் பைபோற் குழித்து, ஒரு செம்பு நீர் ஊற்றிச் சில நிமிடங்கள் வைத்து அடியைத் தொட்டுப் பார்க்கலாம். இசையாவிட்டால் அதிலிருந்தும் ஒன்றை ஊகிக்கலாம்.

ஓலையும் பொலித்தீனும் சேர்ந்த மூடி

பனை, தென்னை வளம் உள்ள இடங்களில் இருப்போர் கடைக்குச் செல்லுமுன் தம் வளவைப் பார்த்தல் நன்று. கிடுகும் பனையோலையும் எமது முன்னோர் கண்ட மூடிகள். வெயிலைத் தடுப்பதிலும், உள்ளே குளிர்ச்சி தருவதிலும், ஆவியை வெளியே விடுவதிலும் அவற்றை எந்தத் தறப்பாளும் வென்றதில்லை. குறை யாதெனில், காவல் வாடிக்கு அவசரமாக வேயும்போது ஓலையை நெருக்கமாக இட இயலாது. அதனால் அடைமழையில் ஒழுகும்.

இக்குறையைத் தீர்க்கும் வழி எளிது. மேல்மூடிக்கான கம்புகளின்மேல் 500 கேஜ் பொலித்தீனை விரித்து, அதன்மேல் கிடுகை ஐதாக வேய்ந்து விடுக. மழைநீரைப் பொலித்தீன் தடுக்கும். பொலித்தீனை வெயிலிலிருந்து கிடுகு காக்கும். பொலித்தீன் உக்குவதற்கு முதற் காரணம் சூரிய ஒளியே. ஒளிபடாத பொலித்தீன் மெல்லியதாயினும் பல போகம் நிற்கும். காற்று அதனைத் தூக்கி அடிப்பதையும் கிடுகின் பாரம் தடுக்கும். வெளியே விரித்தால் ஒரு போகத்திற் கிழியும் பொருள், ஓலையின் கீழ் மூன்று நான்கு போகம் உழைக்கக் காணலாம். செலவு, நடுத்தரத் தறப்பாளின் செலவிலும் குறைவு.

கவனிக்க வேண்டியவை இரண்டு. கிடுகின் நடுமட்டையும் ஈர்க்கு நுனியும் பொலித்தீனைக் குத்தாதவாறு, மட்டையின் வழவழப்பான பக்கத்தைக் கீழே வைத்துக் கட்டுதல் வேண்டும். ஓலைக்குள் எலி கூடு வைக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். ஆகையால் அறுவடை முடிந்ததும் வேய்ச்சலைக் கழற்றி அடுக்கிவிடுதல் அவசியம். ஓலை இலேசிற் தீப்பற்றும் என்பதையும் மறவற்க.

அளவும் கட்டும் முறையும்

12 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள படங்கை முகட்டுக் கம்பின்மேல் இரு புறமும் 6 அடி விழ விரித்த வாடியை எடுத்துக்கொள்வோம். முகடு நிலத்திலிருந்து 6 அடி உயரம் இருக்கட்டும். கூரைச் சரிவு, ஒரு முழம் கிடைக்கு முக்கால் முழம் உயரமேனும் இருத்தல் வேண்டும். இதனிலும் தட்டையான கூரையில் நீர் தேங்கும். ஒரு மீற்றர் நீள அகலமும் 10 சதமமீற்றர் ஆழமும் உள்ள சிறு குழியாக நீர் தேங்கினாலும் 100 லீற்றர், அதாவது 100 கிலோகிராம் பாரம். எந்தக் கம்பும் கயிறும் அதனை நெடுநேரம் தாங்கா.

மேல்மூடிக்குத் தனி முகட்டுக் கம்பு வேண்டும். படங்கின் முகட்டுக்கு ஒரு சாண் மேலே, வேறு இரண்டு கவர்த்தடிகளில் அதனை நிறுத்துக. மேல்மூடி படங்கைத் தாண்டி இருபுறமும் சரிவில் 2 அடியும், முன்னும் பின்னும் ஒன்றரை அடியும் நீள வேண்டும். அப்படியாயின் சரிவுப் பக்கம் 8 அடி வீதம் 16 அடியும், முகட்டு நீளம் 15 அடியும் ஆகும். 15 அடிக்கு 18 அடி விரிப்பு இதற்குப் போதும். எஞ்சும் இரண்டு அடியைக் காற்றடிக்கும் புறத்திற் சற்றுத் தாழ விடலாம். படங்கின் அளவிலேயே மூடியை வாங்குவோர் உளர். ஓரத்திற் சாரல் அடித்துப் படங்கின் கீழ்ப்பாதி நனையும். பூஞ்சணம் அங்கேதான் தொடங்கும்.

பெரும்போகத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையைக் கொண்டுவரும். வாடியின் முகடு காற்றின் திசையோடு ஒத்து வடகிழக்கு தென்மேற்காகக் கிடக்கட்டும். பின்புறம் வடகிழக்கை நோக்க, பசளைப் பையாலோ ஓலைத் தட்டியாலோ அதனை அடைக்க வேண்டும். மேலே ஒரு சாண் மட்டும் திறந்திருக்கட்டும். இரு கூரைகளுக்கும் இடையில் ஓடும் காற்றுக்கு அதுவே வாயில். வாசல் தென்மேற்கை நோக்கும். சிறுபோகத்திற் காற்று மாறுவதால் வாசலையும் மாற்றிக்கொள்க.

கயிற்றை உலோகக் கண்ணில் நேரே கட்டி இறுக்கினால், காற்று அடிக்கும் ஒவ்வோர் அடியும் அக்கண்ணில் விழும். பழைய சைக்கிள் ரியூபை ஒரு விரல் அகலத்தில் வளையமாக வெட்டிக் கண்ணுக்கும் கயிற்றுக்கும் இடையே மாட்டினால் இறப்பர் அவ்வடியைத் தாங்கும். கண் அறுந்துபோனால் அவ்விடத்தில் எலுமிச்சங்காய் அளவான வழவழத்த கல்லை விரிப்பினுள் வைத்து, சுற்றிக் கயிறு கட்டி இழுக்கலாம். புதிதாகத் துளையிடுதல் வேண்டாம். பருத்திக் கயிறும் சணற்கயிறும் மழையில் இறுகும். நைலோன் கயிறு நெகிழும். எனவே மழை தொடங்கியதும் ஒருமுறை எழுந்து முளைகளைச் சுற்றிப் பார்த்து வருதல் வேண்டும். கம்பிகளின் கூர்முனைகளையும் கவர்த்தடிகளின் நுனிகளையும் சாக்குத் துண்டாற் சுற்றிவிடுக.

மேலே சொன்ன மூடி நிலத்தில் ஏறத்தாழ 18 சதுர மீற்றரை மறைக்கும். ஓர் இரவில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதிலிருந்து 900 லீற்றர் நீர் இருபுறமும் வடியும். 2011 ஆம் ஆண்டு தை, மாசி மாதங்களில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற வயல்கள் வெள்ளத்தில் மூழ்கியதை நினைவில் வைத்திருப்போர், பெரும்போக இறுதியில் மழை வராது என்று எண்ணமாட்டார்கள். வாடியைச் சுற்றி அரையடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, பள்ளமான பக்கத்துக்கு நீரை வெளியேற்றுக. வெட்டிய மண்ணை உட்புறமாக அணைத்துவிடுக. மூட்டைகளைத் தரையில் வையாது, கம்புகளை அடுக்கி நிலத்திலிருந்து அரையடி உயர்த்தி வைக்க. படங்கிலிருந்து ஒரு முழம் விலகியே அடுக்குக.

தறப்பாளின் கீழ் அடுப்பு மூட்டுதல் கூடாது. உருகிய பிளாஸ்ரிக் எரிந்துகொண்டே சொட்டும். உறங்குபவர்மேல் விழுந்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். யானைக்காக மூட்டும் நெருப்பும் காற்றுக்குக் கீழ்ப்புறத்தில், வாடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பாகம் தள்ளியே இருக்கட்டும்.

பழைய படங்கை மருந்திட்டுத் திருத்துதல்

படங்கு கிழியாமல், நீரை மட்டும் உறிஞ்சத் தொடங்கியிருந்தால் வீட்டிலேயே திருத்தலாம். 10 லீற்றர் வெந்நீரில் அரைக் கிலோகிராம் சாதாரண சலவைச் சவர்க்காரக் கட்டியைச் சீவிக் கரைத்து, படங்கை அதில் நன்றாகத் தோய்த்துப் பிழிந்து அரைகுறையாக உலர்த்துக. பின்னர் 5 லீற்றர் வெந்நீருக்குக் கால் கிலோகிராம் வீதம் சீனக்காரம் கரைத்து அந்நீரில் தோய்த்து, பிழியாமல் நிழலில் இழுத்துக் கட்டி உலர்த்துக. சவர்க்காரமும் சீனக்காரமும் சேர்ந்து நீரில் கரையாத ஒரு பொருளாகி நூலிடையே தங்கும். அது நீரை ஒட்டவிடாது. நுண்துளைகள் அடைபடா, காற்றோட்டமும் கெடாது. பெரிய படங்காயின் தொட்டி தேடி அலையாது, தரையில் விரித்துத் தும்புத் தூரிகையால் ஒன்றன்பின் ஒன்றாகப் பூசினும் போதும். சலவைத்தூள் இதற்கு உதவாது. மருந்திட்ட படங்கைப் பின்னர் சவர்க்காரமிட்டுக் கழுவினாலும் பயன் போய்விடும். அழுக்கைத் தனி நீராலும் தூரிகையாலும் மட்டுமே நீக்குக.

பழைய எஞ்சின் ஒயிலையும் தாரையும் பூசும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனை நாம் முற்றாக மறுக்கின்றோம். படங்கு விறைத்து மடிப்பிற் பிளக்கும், தீப்பொறி பட்டால் நொடியிற் பற்றும், அதன் வாடை நெல்லில் ஏறினால் ஆலைக்காரர் வாங்கார்.

கழற்றி வைத்தல்

காவல் முடிந்த அன்றே மூடியையும் படங்கையும் கழற்றுக. வயலில் நிற்கும் ஒவ்வொரு வெயில் நாளும் மூடியின் வாழ்நாளிற் கழிவு. ஈரத்தோடு மடித்துவைத்த படங்கு ஒரு வாரத்தில் நாற்றமெடுக்கும். ஆகவே இருபுறமும் ஒரு முழு நாள் உலர்த்திய பின்னரே வீட்டுக்குள் எடுத்தல் வேண்டும். தறப்பாளை ஒரே மடிப்பிற் பலமுறை மடித்தால் மடிப்பு நெடுக வெடிக்கும். இரண்டையும் ஒரு கம்பிற் சுருளாகச் சுற்றி, வளையிற் கயிறு போட்டுத் தொங்கவிடுக. நிலத்தில் வைத்தால் பருத்தியைக் கறையான் அரிக்கும். பசளை, களைநாசினி, பற்றரி ஆகியவற்றோடு ஒரே அறையில் வைத்தல் தகாது.

கிழிசலை அப்போதே பார்த்துத் திருத்துக. படங்குக்கு அதே துணியில் ஒட்டுப்போட்டு, தேன்மெழுகு தேய்த்த நூலால் இரு வரியாகத் தைக்கலாம். நெய்த தறப்பாளில் இறப்பர்ப் பசை ஒட்டாது. சைக்கிள் ஒட்டும் பசையை வீணாக்க வேண்டாம். கிழிசலின் இருபுறமும் துடைத்து உலர்த்தி, அகலமான ஒட்டுநாடாவை மேலும் கீழும் எதிரெதிரே ஒட்டுக. பீ.வீ.சீ. விரிப்புக்கு அதற்குரிய பசை கடைகளில் உண்டு.

சுருளின் ஓர் ஓரத்தில் அழியாத மையினால் வாங்கிய ஆண்டு, விலை, நிறை ஆகிய மூன்றையும் எழுதி, ஒவ்வொரு போக முடிவிலும் பக்கத்தில் ஒரு கோடு இட்டு வருக. மறுமுறை கடைக்குச் செல்லும்போது எத்தனை கோடு என்று எண்ணிப் பார்த்தால், விற்பவரைக் கேட்காமலே எந்த வகையை வாங்குவது என்று தீர்மானிக்கலாம்.